1918 ஃப்ளூ: அப்போது மட்டும் மக்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்களா?

வாசகர் ஒருவர் எழுப்பிய விவாதம்:

"1918 ஸ்பானிஷ் ஃப்ளூ சமயத்தில் மக்கள் கட்டுப்பாடாக இருந்தார்கள். மாஸ்க் போடு என்றால் போட்டார்கள், கடையை மூடு என்றால் மூடினார்கள். கொரோனாவில்தான் ஆளாளுக்கு எதிர்ப்பு, புரளி, வாட்ஸ்அப் வைத்தியம். நூறு வருஷத்தில் நாம் கெட்டுப்போய்விட்டோம் என்கிறேன். மறுப்பவர்கள் விவரத்தோடு வரவும்."

ஜனவரி 8, காலை

மறுக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஆரம்பிக்கலாம், உங்கள் வாதத்துக்கு அதுதான் முதல் எதிரி.

1918 அக்டோபர் கடைசியில் அந்த நகரம் மாஸ்க்கைச் சட்டமாக்கியது. போடாமல் தெருவில் நடந்தால் அபராதம் அல்லது சிறை. ஆரம்பத்தில் பெரும்பாலானவர்கள் போட்டார்கள், உண்மைதான். ஆனால் சட்டம் வந்த அதே வாரத்தில், மருந்துக்கடை வாசலில் மாஸ்க் போட மறுத்த ஒரு லாடக்காரருக்கும் சுகாதாரத் துறை அதிகாரி ஒருவருக்கும் தகராறு முற்றி, அதிகாரி துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். லாடக்காரரோடு வேடிக்கை பார்த்தவர்களுக்கும் குண்டடி. இதற்குப் பெயர் கட்டுப்பாடு என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நவம்பரில் ஒரு குத்துச்சண்டைப் போட்டி. முன்வரிசையில் மேயர் ஜேம்ஸ் ரால்ஃப், நகரத்தின் சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லர் இருவருமே மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் புகைப்படக்காரர் படம் எடுத்துவிட்டார். மேயர் 50 டாலர் அபராதம் கட்டினார். ஊருக்கே மாஸ்க் மாட்டிவிட்ட ஹாஸ்லரும் அபராதம் கட்டினார். அந்த விஷயத்தில் நம் காலத்தை விட அவர்கள் மேல் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள், அவர்களிடம் அபராதமாவது வசூலானது.

நவம்பர் 21 நண்பகல் சங்கு ஊதியதும் ஊரே மாஸ்க்கைக் கழற்றித் தெருவில் வீசியது. ஜனவரியில் நோய் திரும்பி வந்து, மறுபடி மாஸ்க் சட்டம் வந்தபோது 'மாஸ்க் எதிர்ப்புச் சங்கம்' என்றே ஒன்று கிளம்பிவிட்டது. பெரிய கூட்டமெல்லாம் போட்டார்கள். 1919 பிப்ரவரி 1 அன்று சட்டம் விலக்கப்பட்டது.

ஜனவரி 8, இரவு

விட்டுப்போன ஒன்று. சுருட்டுப் பிடிப்பதற்காக மாஸ்க்கின் நடுவில் ஓட்டை போட்டுக்கொண்ட ஆட்களும் அந்த ஊரில் இருந்தார்கள். தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு டீக்கடையில் நின்ற நம் ஆட்களை நான் இனிமேல் குறை சொல்வதாக இல்லை.

வாட்ஸ்அப் வைத்தியமா? கழுத்தில் கற்பூரப் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். பூண்டு தின்றார்கள். விக்ஸ் விற்பனை அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் எகிறியது. பேயர் கம்பெனி ஆஸ்பிரினில் ஜெர்மன்காரன் கிருமியைக் கலந்துவிட்டான் என்று ஒரு புரளி. வாட்ஸ்அப் இல்லாமலேயே இத்தனையும்.

ஜனவரி 9

"அந்த மாஸ்க்கால் பலன் இருந்ததா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காயத்துக்குக் கட்டும் காஸ் துணி, அதுவும் சல்லடை மாதிரி நெய்தது. மாஸ்க் சட்டத்துக்குப் பேர்போன அந்த நகரத்தில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். சுற்றுவட்டார நகரங்களோடு ஒப்பிட்டாலும் பெருமைப்படும்படி இல்லை.

ஜனவரி 10

"அமெரிக்கக்காரன் எப்போதும் அப்படித்தான், வேறு ஊர் சொல்லு" என்று வந்திருக்கிறது. சரி, பசிபிக் கடலுக்குப் போகலாம். எனக்கு இந்த விஷயத்தில் தூக்கம் போனது சமோவாவால்தான்.

சமோவா என்பது ஒரே மக்கள், ஒரே மொழி, இரண்டு ஆட்சி. மேற்குச் சமோவாவை ஜெர்மனியிடமிருந்து 1914இல் பிடித்துக்கொண்ட நியூசிலாந்து ராணுவம் ஆண்டது. கிழக்கே சின்னத் தீவுகளாக இருந்த அமெரிக்கச் சமோவாவை அமெரிக்கக் கடற்படை ஆண்டது. இந்தக் கரையில் பெண் கொடுத்து அந்தக் கரையில் எடுத்துக்கொள்கிற உறவுக்காரர்கள். படகில் போய் வந்துகொண்டே இருப்பார்கள்.

1918 அக்டோபர் 30 அன்று 'டாலூன்' என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து கிளம்பியது. ஆக்லாந்தில் அப்போது ஃப்ளூ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் ஃபிஜியில் கப்பலைத் தனியாக நிறுத்தி வைத்தார்கள். நவம்பர் 7 காலை மேற்குச் சமோவாவின் அபியா துறைமுகத்துக்கு வந்தபோது அப்படி நிறுத்தவில்லை. உடம்பு சுகமில்லாதவர்கள் உட்பட எல்லோரும் இறங்கி ஊருக்குப் போனார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஏறக்குறைய 8,500 பேர் சாவு. மொத்த ஜனத்தொகையில் 22 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல். வீடு வீடாகப் பாயில் சுருட்டி வைத்த பிணங்களை லாரியில் ஏற்றிப்போய்ப் பொதுக்குழியில் போட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால் சமைக்கவும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் வீட்டில் ஆள் இல்லை. காய்ச்சலில் பிழைத்திருக்கக்கூடியவர்களும் கஞ்சி இல்லாமல் போனார்கள்.

நிர்வாகி கர்னல் ராபர்ட் லோகன். பக்கத்துத் தீவிலிருந்து அமெரிக்க ஆளுநர் ஜான் பொயர் மருத்துவ உதவி அனுப்பத் தயாராக இருந்தார். லோகன் அதை ஏற்கவில்லை. அந்தப் பக்கத்தோடு கம்பியில்லாத் தந்தித் தொடர்பையே துண்டித்தார். தன் தபால் கப்பலை அமெரிக்கத் தீவில் தடுத்து நிறுத்தினார்கள் என்ற கோபம் வேறு.

அமெரிக்கச் சமோவாவில் பொயர் துறைமுகத்தை அடைத்தார். அங்கே அந்த நோயால் செத்தவர் எண்ணிக்கை: பூஜ்யம். ஒரு ஆள்கூட இல்லை.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் ஏதோ பொயர் என்ற ஒரு நல்ல அதிகாரி காப்பாற்றினார், லோகன் என்ற ஒரு மோசமான அதிகாரி கொன்றார் என்று படுகிறது. பாதிதான் அது. அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோ துறைமுகத்தை அடைப்பது கடற்படைக்குச் சுலபம். ஆனால் தீவு என்றால் சுற்றிலும் கரைதானே. இரவில் படகைத் தள்ளிக்கொண்டு எந்த மணல்திட்டிலும் இறங்கலாம். கரை முழுக்க நிறுத்த கடற்படையிடம் ஆள் ஏது? நின்றவர்கள் ஊர்க்காரர்கள். கிராமத் தலைவர்கள் ஆள் போட்டு, கரையோரமாகக் காவல் சுற்றி, வரும் படகுகளைத் திருப்பி அனுப்பினார்கள். அக்கரையிலிருந்து வரும் படகில் இருப்பது பெரும்பாலும் சொந்தக்காரன். அவனைத்தான் "திரும்பிப் போ" என்று சொல்ல வேண்டும்.

ஜனவரி 11

"கடற்படை ஆட்சியில் வேறு வழி இருந்திருக்காது, பயந்து நின்றிருப்பார்கள்" என்கிறார் ஒருவர். நியூசிலாந்து ஆட்சியும் ராணுவ ஆட்சிதான், அதற்குப் பயந்து என்ன காப்பாற்ற முடிந்தது? பயந்து காவல் நிற்கிறவன் நடுராத்திரியில் தூங்கிவிடுவான். அந்தத் தடை 1920 வரை இழுத்தது. அத்தனை காலம் அதட்டலை மட்டும் வைத்துக் கரையைக் காக்க முடியாது.

மேற்கே நடந்தது இன்னும் மோசமாகத் தொடர்ந்தது. செத்தவர்களில் ஊர்ப் பெரியவர்கள், தலைவர்கள் ஏராளம். 1919இல் நியூசிலாந்து அரசே விசாரணைக் கமிஷன் போட்டது, நிர்வாகத்தின் அலட்சியம் பதிவானது. அந்த வடு பின்னால் 'மாவ்' என்ற விடுதலை இயக்கத்துக்குத் தீனியானது. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அபியாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். 84 வருஷம் கழித்து.

ஜனவரி 11, இரவு

ஊர்க்காரர்களே காவல் நின்றதற்கு வேறு உதாரணம் கேட்டதற்காக, சுருக்கமாக:

அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் கன்னிசன் என்ற ஊர். சாலைகளில் தடுப்பு, இரவில் லாந்தர். ரயில் உள்ளே வரலாம், ஆனால் ஆள் இறங்கினால் நேரே தனிமைப்படுத்தல். 1919 பிப்ரவரி வாக்கில்தான் தளர்த்தினார்கள். மிக மோசமான அலை ஊரைத் தொடாமல் கடந்துபோனது. திறந்த பிறகு மார்ச்சில் வந்தது, ஆனால் லேசாக.

அலாஸ்காவில் ப்ரெவிக் மிஷன் என்ற சிற்றூர். 1918 நவம்பரில் வயது வந்தோர் 80 பேரில் 72 பேர் ஐந்தே நாளில் போனார்கள். அதே கடலோரத்தில் ஷிஷ்மரெஃப் ஊர்க்காரர்கள் ஊருக்கு வெளியே பாதையில் காவல் வைத்துத் தப்பினார்கள். (ப்ரெவிக்கின் உறைந்த புதைகுழியைத் தோண்டி யோஹான் ஹுல்டின் 1951இலும் 1997இலும் திசு எடுத்ததும், இரண்டாம் முறை எடுத்ததிலிருந்து வைரஸின் மரபணுவையே படித்ததும் தனிக் கதை. அதை இங்கே ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன்.)

ஜனவரி 13

பொங்கலுக்கு ஊருக்கு வந்தாயிற்று. சிவகங்கைப் பக்கம். சமோவாவைப் பற்றி எழுதியதிலிருந்து 2020 ஏப்ரல் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் கொஞ்சம் சொந்தக் கதை. பிடிக்காதவர்கள் அடுத்த குறிப்புக்குத் தாண்டிவிடுங்கள்.

சென்னையிலிருந்து பாஸ் வாங்கிக்கொண்டு வண்டி பிடித்து ஊர் எல்லைக்கு வந்தால், தார்ரோட்டின் குறுக்கே சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பழைய கல்யாண ஃப்ளெக்ஸைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் பெயிண்டில் 'வெளியூர் ஆட்கள் வரத் தடை' என்று எழுதிக் கட்டியிருந்தது. காற்றில் புரண்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிப்பார்கள். முள்ளுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் என் தாய்மாமா, கையில் கம்பு.

"கோவிச்சுக்காத மாப்ள. ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சாச்சு. உனக்குன்னு மாத்த முடியாது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கலெக்டர் ஆபீஸ் பாஸைக் காட்டினேன். "அது ரோட்டுக்குத்தான்யா, ஊருக்கு இல்ல" என்றார். ஊருக்கு வெளியே இருக்கிற பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அத்தை சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்து பாலத்துத் திண்டில் வைத்துவிட்டு, பின்னால் தள்ளிப்போய் நின்று, "ரசத்தை ஆறவிடாத, முதல்ல அதைக் குடி" என்று கத்துவார். நான் எடுத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே நிற்பார். சொன்ன கெடு முடிந்ததும் மாமாவே முள்ளை ஒதுக்கிவிட்டார். அப்புறம் என்னையும் காவல் முறையில் சேர்த்துவிட்டார்கள், அது வேறு விஷயம். கம்போடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதனால்தான் அந்தக் கரையில் நின்ற சமோவாக்காரனை எனக்குப் புரிகிறது என்று நினைத்தேன்.

ஜனவரி 14

பொங்கல் வேலை. அடுத்த வாரம் தொடர்கிறேன். ஃபிலடெல்ஃபியா பற்றிக் கேட்டவருக்கு மட்டும்: ஆமாம், 1918 செப்டம்பர் 28 அன்று போர்க்கடன் பத்திரம் விற்க ஊர்வலம் விட்டார்கள், 2 லட்சம் பேர் கூடினார்கள், சில நாளிலேயே ஆஸ்பத்திரிகள் நிரம்பின. உதவிக்கு ஆள் கேட்டு அரசு கெஞ்சியும் அக்கம்பக்கத்தார் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் நிறைய. கன்னியாஸ்திரிகள் வீடு வீடாகப் போய்ப் பணிவிடை செய்தார்கள். குழி வெட்டுகிறவர்களே நோயில் படுத்துவிட்டதால், குருமடத்து மாணவர்கள் மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் குழி தோண்டினார்கள்.

ஜனவரி 18

நேற்று மாமாவோடு திண்ணையில் உட்கார்ந்து அந்த முள்வேலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் அவரே ஒன்று சொன்னார். ரேஷன் கடை ஊருக்குள் இருக்கிறது. காலனி, ரோட்டுக்கு அந்தப் பக்கம். அதாவது முள்ளுக்கு வெளியே. அவர்களை 'வெளியூர் ஆட்கள்' என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் முள்ளைப் போட்ட இடம் அப்படி. அரிசி வாங்க அவர்கள் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டு, இந்தப் பக்கத்து ஆள் நேரம் சொல்லி, அப்புறம் விட்டிருக்கிறார்கள். கதிர் அறுக்கும் மிஷின் வந்தபோது மட்டும் யாரும் கேட்காமலேயே முள் விலகியது. மிஷின் டிரைவர் ஆந்திராக்காரர்.

நான் காவல் இருந்த நேரத்திலும் இது நடந்திருக்கும். எனக்கு நினைவே இல்லை. கவனித்திருந்தால்தானே நினைவிருக்க?

இதற்கு மேல் பம்பாயைப் பேசாமல் இருக்க முடியாது.

1918 ஜூனில் துறைமுகப் பக்கம் காவலுக்கு இருந்த போலீஸ் சிப்பாய் உட்பட சிலர் காய்ச்சலோடு போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அங்கிருந்து ஆரம்பம். செப்டம்பரில் இரண்டாம் அலை. அந்த வருஷம் மழையும் பொய்த்தது, தானிய விலை ஏறியது. டாக்டர்களில் பலர் போர்முனையில். அரசு என்ன உத்தரவு போட்டது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. காரணம் இருபது வருஷத்துக்கு முந்திய பிளேக். 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் போட்டு, புனேயில் சிப்பாய்களை வீட்டுக்குள் அனுப்பி, அடுப்படி வரை சோதனை போட்டார்கள். ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் நம் வீட்டுக்குள் கால் வைக்கத் தயங்கினான். (2020 மார்ச்சில் கையில் எடுத்ததும் அதே 1897 சட்டம்தான்.)

ஆக, இந்த இழையின் முதல் கேள்விக்கு இந்தியாவிலிருந்து பதில்: கேட்டு நடப்பதற்கு உத்தரவே பெரிதாக இல்லை.

அந்த இடத்தில் ஊர் இறங்கியது. என்.எம். ஜோஷி 1911இல் ஆரம்பித்த சமூக சேவைச் சங்கம் மில் தொழிலாளர் குடியிருப்புகளில் மருந்தும் பாலும் கொண்டுபோனது. பல சாதி, மதச் சமூகங்கள் தங்கள் ஆட்களுக்கென்று ஆஸ்பத்திரி, மருந்து, கஞ்சி ஏற்பாடு செய்தன. படித்தவர்களும் வசதியானவர்களும் ஏழைகளுக்கு உதவ இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இறங்கியது இதுவரை கண்டதில்லை என்ற மாதிரி அரசு அறிக்கையே பாராட்டியது. இதைப் படித்தபோதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது எண்ணிக்கை. பம்பாய் நகரில் அந்த நோயில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள்? ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. தாழ்த்தப்பட்ட சாதி இந்துக்கள் 61.6.

ஜனவரி 18, மாலை

"அது வறுமை, நெரிசல், சாதி இல்லை" என்று உடனே வந்துவிட்டது. நெரிசலான ஒற்றை அறையில் யார் இருந்தார்கள், ஏன் இருந்தார்கள் என்று கேட்டால் அதுவும் இதுவும் ஒன்றாகிவிடும். நான் சொல்ல வருவது வேறு. ஒவ்வொரு சமூகமும் தன் ஆட்களைப் பார்த்துக்கொள்வது என்றால், கையில் காசு இல்லாத சமூகம் எதை வைத்துப் பார்த்துக்கொள்ளும்? சமூக சேவைச் சங்கம் போன்றவை எல்லை தாண்டிப் போயின. அவர்களை நான் குறைக்கவில்லை. ஆனால் ஊர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது என்று ஒரு வாரமாக இங்கே நான் மெச்சிக்கொண்டிருந்தேனே, அந்த 'ஊர்' எங்கே முடிகிறது என்று அப்போது கேட்கவில்லை. அமெரிக்கச் சமோவாவில் கேள்வி எழவில்லை, தீவின் கரை எல்லோருக்கும் ஒரே கரை. எங்கள் ஊரில் கரையை நாங்கள்தான் முள்ளால் போட்டோம்.

இன்னொன்றும் உண்டு. உலகில் பல இடங்களில் 1918 ஃப்ளூ ஆண்களை அதிகம் கொன்றது. இந்தியாவில் பெண்கள் அதிகம். பணிவிடை செய்தது யார், மிச்சத்தைச் சாப்பிட்டது யார் என்று நம் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பாலத்துத் திண்டில் தூக்குவாளி வைத்தது அத்தை, மாமா அல்ல.

ஜனவரி 19

தமிழ்நாட்டைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பம்பாய், மத்திய மாகாணம், பஞ்சாப் பட்ட அடியை விட சென்னை மாகாணம் பட்டது குறைவு. இந்தியா முழுமைக்கும் மதிப்பீடுகள் 1.2 கோடியிலிருந்து 2 கோடி வரை போகின்றன. எந்த எண்ணை எடுத்தாலும் உலகிலேயே அதிகம் செத்தது இங்கேதான். 1911க்கும் 1921க்கும் நடுவில் நாட்டின் ஜனத்தொகையே குறைந்தது. கணக்கெடுப்பு ஆரம்பித்த பிறகு அப்படி ஆனது அந்த ஒரே பத்தாண்டில்தான்.

ஜனவரி 21

மூல வாசகர் ஒருவழியாக வந்து, "சரி, அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. எங்கேதான் கேட்டார்கள்" என்று கேட்டிருக்கிறார். மறுபடி சமோவா, இந்த முறை 2019. ஃப்ளூ அல்ல, தட்டம்மை. 83 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். டிசம்பரில் அரசு இரண்டு நாள் எல்லாவற்றையும் மூடியது. தடுப்பூசி போடாதவர் இருக்கிற வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. துணி கிடைக்காதவர்கள் வீட்டில் இருந்த சிவப்புத் துணிமணியையே எடுத்துக் கட்டினார்கள். சிவப்பு தெரிகிற வீடுகளில் ஊசிக்காரர்கள் இறங்கினார்கள். 'எங்களிடம் வா' என்று கூப்பிடுவதற்கு ஒரு துணி. எங்கள் ஊரில் 2020இல் நோய் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள், யாரும் போய்விடாதே என்பதற்காக. சிவப்புத் துணி கட்டச் சொல்லியிருந்தால் நாம் கட்டியிருப்போமா, அவமானம் என்று மறைத்திருப்போமா? மாமாவிடம் கேட்டேன். "முத வீட்டுக்காரன் கட்டுனா கட்டுவோம்" என்றார்.

ஜனவரி 22

காந்திக்கு 1918இல் ஸ்பானிஷ் ஃப்ளூ வந்து பிழைத்தார் என்ற ஃபார்வர்டு இங்கேயும் வந்துவிட்டது. அந்த வருஷம் அவரைப் படுக்கையில் தள்ளியது வயிற்றுக்கடுப்பு. ஃப்ளூ அவர் குடும்பத்துக்குள் வந்தது உண்மை: மூத்த மகன் ஹரிலாலின் மனைவியும் அவர்களின் மகன் ஒருவனும் அதில்தான் போனார்கள். ஃபார்வர்டு போட்டது என் மைத்துனர். ஃபோனில் சொல்லிவிட்டேன். "சரி மச்சான், எடுத்துடறேன்" என்றார், இன்னும் எடுக்கவில்லை.